ஊளைக்கு மூன்று காரணங்கள்

நவம்பர் 3, திங்கள்

ஜெயசிங் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறான். எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒரு கிடார் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை இல்லாமல் யோசித்தால் எனக்குப் பயம் வந்துவிடும். ஆகவே முதலில் வரிசை.

1. வாசிக்கும் இடங்கள். வீட்டுப் பிரதிஷ்டை, வெள்ளிவிழா, ஆஸ்பத்திரி ஜெபக்கூடம், புறவழிச்சாலைக் காபிக்கடையின் மாடி. எல்லாம் சிறிய இடங்கள். பெரிய சத்தம் வேண்டாம், தெளிவு வேண்டும்.

2. எடை. நான் ஒரு கையால் தூக்கினாலும் யாரும் ஓடிவந்து வாங்கிக்கொள்ளத் தேவையில்லாத எடை.

3. இரண்டு இணைப்புகள். ஒன்றில் கிடார். மற்றதில் குரலோ இன்னொரு கிடாரோ.

4. ஊளை. ஆம்பிலிருந்து வரும் சத்தம் கிடாருக்குள் திரும்பப் புகுந்து, மறுபடி ஆம்புக்குப் போய், சுற்றிச் சுற்றிப் பெருகி அலறும். இதற்குக் காரணங்கள் மூன்று: ஆம்ப் நிற்கும் இடம், அறையின் சுவர்கள், கிடாரின் வயிறு. மூன்றுதான், வேறு கிடையாது.

5. அவசரப்படாமல் முடிவெடுப்பது. எடுத்த முடிவை மாற்றாமல் இருப்பது. இது எனக்குக் கடினம்.

ஜெயசிங் கல்லூரியில் என்னிடம் பௌதிகம் படித்தவன். இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இந்தக் குழுவை ஆரம்பித்தான். அவன் கீபோர்டு, அவன் மனைவி ரூபி பாட்டு, அருமைநாயகம் மேலே உட்கார்ந்து தட்டும் தாளப்பெட்டி, நான் கிடார். நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் இந்த வேலையைச் சொன்னான்.

"இது உங்களாலதான் முடியும் சார். எங்ககிட்ட விட்டா, சத்தமா கேட்டா நல்ல ஆம்புன்னு வாங்கிட்டு வந்துருவோம்."

அருமைநாயகம் பக்கத்தில் நின்றிருந்தான். "சார் வாசிக்கது இதுவரைக்கும் கர்த்தருக்கு மட்டுந்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. இனிமே ஜனங்களுக்கும் கேக்கட்டும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

வீட்டில் என் மனைவி ஹெப்சிபாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கா வாங்குதாவ?"

"குழுவுக்கு."

"குழுவுல கிடாரு யாரு?"

"நான்தான்."

"அப்பம் உங்களுக்குன்னு சொல்லிருக்கலாமே. ஏன் சொல்லல?"

தலைமையாசிரியையாக இருந்த பழக்கம். எந்தப் பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மழை. வலதுகை நகங்களை ராவி ஒழுங்கு செய்தேன். மோதிரவிரலில் காலையில் இருந்த விறைப்பு வெந்நீரில் கொஞ்சம் தளர்ந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஜங்ஷனில் மைதீனின் இசைக்கருவிக் கடைக்கு என் கிடாரோடு போனேன். என் கிடார் பழையது, உள்ளே ஒலி பிடிக்கும் கருவி கிடையாது. ஆகவே மைதீன் முன்னால் ஒரு மைக்கை வைத்து ஒவ்வொரு ஆம்பிலும் இணைத்துக் காட்டினார். ஒரே பாட்டை எல்லாவற்றிலும் வாசித்தேன். அப்படிச் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

முதல் ஆம்ப் முழங்கியது. தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் இருந்தது. இரண்டாவது எல்லாவற்றையும் இனிப்பாக்கியது. நான் வாசிப்பதைவிட நன்றாகக் கேட்டது, அதனாலேயே சந்தேகம் வந்தது. மூன்றாவது உள்ளதை உள்ளபடி சொன்னது. நகம் கம்பியில் படுவது, விரல் கம்பியை விட்டு எழுவது, எல்லாம் கேட்டன. ஒவ்வொரு நான்காவது சுரமும் சற்றுப் பிந்தி வருவதும் கேட்டது. அது மோதிரவிரலின் சுரம். மைக் சரியான இடத்தில் இல்லாததால் அப்படிக் கேட்டிருக்கலாம்.

"இது நேர்மையான மெஷின் சார்" என்றார் மைதீன். "நல்லா வாசிக்கவங்களுக்குத்தான் லாயக்கு." உடனே, "உங்கள மாதிரி" என்று சேர்த்துக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

ஜெயசிங் தொலைபேசியில் பேசினான்.

"சார், பாக்க கிராண்டா இருக்கணும். கறுப்பு வேண்டாம். மரக்கலர்ல இருக்குமா?"

நிறம் ஒலியைப் பாதிக்காது என்று விளக்கினேன்.

"அது சரி சார். கண்ணுக்கும் லட்சணமா இருக்கணும்லா. காரு டிக்கில கொள்ளுமா? நாகர்கோவில் வரைக்கும் ஆடாம அசையாம போவணும்."

"நாகர்கோவிலில் நிகழ்ச்சி ஏதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாயா?"

"அப்படித்தான் வெச்சுக்கிடுங்களேன்."

என் கிடாருக்குள் ஒலி பிடிக்கும் கருவி ஒன்று பொருத்திவிடலாமா, ஆம்ப் வரும்போது தயாராக இருக்குமே என்று கேட்டேன். "இப்பம் எதுக்கு சார் அந்தச் செலவு" என்றான். என் பணம் வீணாகக் கூடாது என்கிற அக்கறை. ஒத்திகைகளுக்கும் இந்த மாதம் வர வேண்டாம் என்றான். "ஆம்பு வேலையே உங்களுக்குப் பெரிய வேலை சார். அதைப் பாருங்க. பாட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுதான."

உண்மைதான், எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுகள்.

நவம்பர் 19, புதன்

மகாராஜநகரில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டையில் வாசித்தோம். ஒத்திகைக்கு விலக்கு உண்டு, நிகழ்ச்சிக்கு இல்லையே என்று நானாகவே போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் ரூபி, "வந்துட்டீங்களா சார்" என்றாள். எப்போதும்போல் ஒரு நாற்காலி போட்டு, கிடாருக்கு முன்னால் ஒரு மைக் வைத்தார்கள்.

முடிந்தபின் எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். எனக்குக் காரம் ஆகாது. வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தள்ளுகட்டை உண்டு. மேலே தள்ளினால் சத்தம், கீழே இழுத்தால் மௌனம். என்னுடையது அடியோடு கீழே கிடந்தது. அதன்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று குறுக்கே ஒட்டியிருந்தது. பிளாஸ்திரியின் ஓரங்களில் அழுக்கேறியிருந்தது.

பயணத்தில் கட்டை ஆடாமல் இருக்க ஒட்டியிருப்பார்கள். மற்றவர்களுடைய கட்டைகளில் ஒட்டாததற்குக் காரணம் பிளாஸ்திரி தீர்ந்துபோனதாக இருக்கலாம்.

நான் அதை உரிக்கவில்லை. பிறர் பொருள்.

நவம்பர் 27, வியாழன்

பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து ஹெப்சிபா ஜெயசிங் வீட்டு வழியாக வந்திருக்கிறாள்.

"அங்க கிடார் சத்தம் கேட்டுச்சு."

"ரெக்கார்டாக இருக்கும்."

"ரெக்கார்டு நடுவுல நின்னு, 'முதல்ல இருந்து எடுப்போம் மாமா'ன்னு சொல்லுமா?"

ஜெயசிங்கின் மகள் ஷீபாவுக்கு ஆகஸ்டில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஜெரின் நாகர்கோவில்காரர், கட்டட எஞ்சினியர். விருந்துக்கு வந்திருப்பார். மருமகன் பொழுதுபோக்காகக் கிடார் வாசிப்பதில் என்ன இருக்கிறது? இதைச் சொன்னதும் ஹெப்சிபா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு, "தோச ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

முடிவெடுத்துவிட்டேன். மூன்றாவது ஆம்ப்தான். மரநிறத்திலேயே இருக்கிறது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், முடிகிறது. இரண்டு இணைப்புகள் உண்டு. இதன் சிறப்பு ஒரு குமிழ். கிடாரின் வயிறு எந்தச் சுரத்தில் அதிர்ந்து ஊளையைத் தொடங்குகிறதோ, அந்தச் சுரத்தை மட்டும் அது வெட்டி எடுத்துவிடும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் ஊளை வரவே வராது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அது என்னிடம் இருக்கிறது.

மைதீன் பில் போடும்போது, "ஜெயசிங் அண்ணாச்சி போன் பண்ணுனாவ. பெட்டிக்குப் பளபளா தாள் சுத்தி, ரிப்பன் கட்டணுமாமே. தங்கக்கலரா, சிவப்பா?" என்றார்.

வீடு வந்து சேரும்வரை இதையே யோசித்தேன். குழு தனக்குத்தானே வாங்கும் பொருளுக்கு யாரும் ரிப்பன் கட்டமாட்டார்கள். பொதுப்பணத்திலிருந்து எடுக்காமல் ஜெயசிங் தன் பணத்தில் வாங்குகிறான். இந்த மாதம் எனக்கு எழுபத்தைந்து நிறைகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும். ஒத்திகைக்கு வர வேண்டாம் என்றதும், ஒலி பிடிக்கும் கருவியை நானே வாங்க வேண்டாம் என்றதும் இப்போது பொருந்தி வருகின்றன. எனக்கான பரிசை நானே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறான்.

இப்படி நினைப்பது அகந்தையோ என்று பயமாகவும் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டேன். கிடாருக்குப் புதுக் கம்பிகள் மாட்டினேன்.

டிசம்பர் 13, சனி

இருபதாம் தேதி காபிக்கடை மாடியில் கிறிஸ்மஸ் பாடல் மாலை. ஜெயசிங் வீட்டுக்கே வந்து அழைத்தான். "நீங்களும் டீச்சரம்மாவும் அவசியம் வரணும் சார். முன் வரிசை."

அவன் போனதும் ஹெப்சிபா, "வாசிக்கவங்களுக்கு என்னத்துக்கு முன் வரிசை?" என்றாள்.

என் யூகத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேப்பியளா? அன்னைக்குக் கிடார வீட்டுல வெச்சிட்டு வாங்க."

"வாசிக்கச் சொன்னால்?"

"சொல்லமாட்டாவ."

டிசம்பர் 20, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிற்பகலிலேயே கிடாரோடு போனேன். மேடையில் இருக்கைகள் நான்கு. கீபோர்டுக்கு ஜெயசிங், பாட்டுக்கு ரூபி, தாளப்பெட்டிமேல் அருமைநாயகம் இருந்தார்கள். நான்காவது இருக்கையில் ஜெரின், மடியில் பளபளக்கும் ஒரு கிடாரோடு. அவர் கிடாருக்குள் ஒலி பிடிக்கும் கருவி இருந்தது. ஆம்ப் ரிப்பன் அவிழ்க்கப்பட்டு அவர் பின்னால் நின்றது.

ஜெரின் எழுந்து வணக்கம் சொன்னார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பையன். "சார், நீங்களும் உக்காருங்க. ஆம்புல ரெண்டாவது லைன் சும்மாதான கெடக்கு. ஒரு மைக்கு வெச்சா போதும்லா?"

"மாப்பிள, சாரு இன்னைக்கு சீஃப் கெஸ்ட்டு" என்றான் ஜெயசிங். "சார், நீங்க அந்த ஆம்ப மட்டும் கொஞ்சம் செட் பண்ணிக் குடுத்துருங்க. காலைலருந்து ஊ ஊன்னு கெடக்கு."

ஜெரினின் கிடாருக்கு எந்தச் சுரத்தில் ஊளை பிறக்கிறது என்று தேடினேன். கிடைத்தது. குமிழை அங்கே நிறுத்தினேன். கனத்த அடி ஒலியின் குமிழையும் சற்றுக் குறைத்து வைத்தேன். ஆம்ப் பூனைக்குட்டிபோல் அடங்கியது. ஜெரின் வாசித்தார். நன்றாக வாசித்தார். நான்காவது சுரம் பிந்தவில்லை.

"இதென்ன சார் மாயம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் மாடி நிறைந்துவிட்டது. முன் வரிசையில் ஜெரினின் பெற்றோர், ஷீபா, அடுத்து ஹெப்சிபா, நான். என் கிடார் பெட்டியைச் சுவரோரம் வைத்திருந்தேன். அதன்மேல் ரூபி தன் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்திருந்தாள்.

முதல் பாட்டுக்குப் பிறகு ஜெயசிங் மைக்கை எடுத்தான்.

"எங்க சார் பேராசிரியர் வேதமாணிக்கம் அவர்கள் இத்தன வருஷம் எங்களோட வாசிச்சாங்க. இன்னையோட அவங்களுக்கு நாங்க ஓய்வு குடுக்கோம். இனி எங்களுக்கு வழிகாட்டி. இந்த ஆம்பு எங்க மாப்பிள்ளைக்குத் தலைக் கிறிஸ்மஸ் சீரு. செலக்சன் யாரு? சாருதான்! சார் மேடைக்கு வரணும்."

போனேன். பொன்னாடை போர்த்தினான். கைதட்டினார்கள். அருமைநாயகம் பெட்டியில் ஒரு தாளம் தட்டி, எழுந்து என் காதருகே வந்து, "சார், இன்னைக்குத்தான் உங்களுக்கு நல்ல சவுண்டு" என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. மாடி முழுவதும் சிரித்தது. ஜெரின் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது பொன்னாடையின் ஜரிகை ஆம்பின் குமிழில் மாட்டிக்கொண்டது. குனிந்து விடுவித்தேன். அதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

அடுத்த பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஊளை கிளம்பியது. முதலில் தாழ்ந்த முனகல். ஜெரின் கம்பிகளைக் கையால் அமுக்கினார், நிற்கவில்லை. பிறகு அது அலறியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. ஜெரின் திரும்பி ஏதோ ஒரு குமிழைத் திருப்ப, இன்னும் கூடியது.

"சார், கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்றான் ஜெயசிங்.

பொன்னாடையோடு எல்லோர் முன்னிலும் எழுந்து நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

ஜெயசிங்குக்குக் கோபம் வந்தால் இடம் தெரியாது. "என்ன மாப்பிள, இதுகூடத் தெரியாதா? நாகர்கோவில்லயே பெரிய கிடாரிஸ்டுன்னு சொல்லில்லா பொண்ணு கேட்டிய!" அவன் முன்னாலும் மைக் இருந்தது.

யாரோ மின்சார இணைப்பைப் பிடுங்கினார்கள். அந்த அமைதியில் ஜெரினின் தாயார் எழுந்து, "லே மக்கா, எந்திரிச்சு வா. மேடையில வெச்சு மானங்கெடுக்கவா நம்மள வரச்சொன்னாவ?" என்றார். ஷீபா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தாள்.

ஜெரின் கிடாரை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார். என்னைக் கடக்கும்போது, "சாரி சார்" என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி.

ஹெப்சிபா இட்டிலித் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஜரிக மாட்டுச்சுன்னா ஒரு குமிழ்லதான மாட்டும்? ரெண்டு குமிழு திரும்புச்சு. நான் உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கு வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. இதை அவளிடம் நினைவுபடுத்தினேன்.

"கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து பாக்கேன். ஒருத்தரையும் எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல நீங்க. வாழ்நாள்ல தைரியமா ஒண்ணு செஞ்சிய. அதையும் அந்தப் பிள்ளமேலயா காட்டணும்? ஜெயசிங் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டிருந்தா நானே எந்திரிச்சுக் கைதட்டிருப்பேன்."

இட்டிலி ஆறிவிட்டது. இரண்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஜெயசிங் வந்தான். ஆம்பைத் தூக்கிக்கொண்டு அருமைநாயகம் பின்னால் வந்தான்.

"மாப்பிள போயிட்டாவ சார். நேத்து விடியக்காலம். தலைக் கிறிஸ்மஸுக்கு நிக்கல. சம்பந்தியம்மா இந்தப் பெட்டியத் தொடவே மாட்டேன்னுட்டாவ. ஷீபா அழுதுக்கிட்டேதான் கார்ல ஏறுனா." அவன் முகம் மூன்று நாளில் வயதாகியிருந்தது. "அந்த மைக்குல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்ன சார் செய்ய, வாயில வந்துட்டு."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"இத நீங்களே வெச்சுக்கிடுங்க. வருஷப் பிறப்பு சாயங்காலம் ஒரு டாக்டர் வீட்டுல புரோகிராம். கிடாருக்கு ஆளில்ல. நீங்கதான் வரணும்."

"ஓய்வு கொடுத்துவிட்டாயே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு சார்."

அருமைநாயகம் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் ஒரு மைக்கை இணைத்து வாசித்துப் பார்த்தேன். நேர்மையான கருவி. நான்காவது சுரம் பிந்தியது. மறுபடி வாசித்தேன், மறுபடியும் பிந்தியது. அடுக்களையிலிருந்து ஹெப்சிபா கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ். கேக் கொடுத்தனுப்ப வேண்டிய வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. ஜெயசிங் வீட்டில் நட்சத்திர விளக்கு எரியவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

ஜெரின் தொலைபேசியில் அழைத்தார். என் எண்ணை மைதீனிடம் வாங்கினாராம்.

"சார், கிறிஸ்மஸ் வாழ்த்துகள். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் விளிச்சேன்."

"எதற்கு?"

"அன்னைக்கு மத்தியானம் நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு செட் பண்ணித் தந்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். என்ன செஞ்சேன்னு இன்னும் மனசிலாவல்ல சார். கால் தட்டிச்சோ, என்னமோ. அம்மா மாமாகிட்டப் பேசமாட்டேங்காங்க. ஷீபா என்கிட்டப் பேசமாட்டேங்கா, அவ அப்பாவை விட்டுட்டு வரவெச்சுட்டேனாம். எல்லாம் நான் செஞ்ச ஒரு தப்பால. கிடார எடுத்தா கை நடுங்குது சார். என்ன தப்புன்னு தெரிஞ்சாப் போதும், திருத்திக்கிடுவேன். உங்களுக்குத் தெரியுமா சார்?"

வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவனின் குரல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஊளை எப்படிப் பிறக்கிறது என்று விளக்கினேன். ஆம்ப் நிற்கும் இடம், அறையின் சுவர்கள், கிடாரின் வயிறு. ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொன்னேன். நன்றாக விளக்கினேன் என்றே நினைக்கிறேன். மறுமுனையில் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

"இந்த மூணுல எது சார் என்னோட தப்பு?"

"ஆம்புக்கு நேர் முன்னால் உட்கார்ந்தது" என்றேன்.

"அதான் பாத்தேன். இனிமே உக்காரமாட்டேன் சார்." அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "மூணு காரணந்தானா? வேற ஏதும் உண்டா?"

"மூன்றுதான்."

நன்றி சொன்னார். ஹெப்சிபாவையும் விசாரித்தார். வைத்துவிட்டார்.

நவம்பர் மூன்றாம் தேதி எழுதிய நான்காவது குறிப்பு தவறு. காரணங்கள் நான்கு. குமிழ்களைத் திருப்பிய கையை நான் அதில் சேர்க்கவில்லை.